இழப்புக்கு முந்தைய மாதங்கள்

மனைவியை இழந்த ஆண்களைப் பற்றி 1969-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழ் ஒன்றில் ஓர் ஆய்வு வெளியானது. 55 வயதைத் தாண்டிய 4,486 பேரை, மனைவி இறந்ததிலிருந்து ஒன்பது ஆண்டுகள் தொடர்ந்து கவனித்திருந்தார்கள். முதல் ஆறு மாதங்களுக்குள் 213 பேர் இறந்துபோனார்கள். அதே வயதில் மனைவியோடு வாழும் ஆண்களிடம் எதிர்பார்க்கக்கூடிய எண்ணிக்கையைவிட இது 40 சதவீதம் அதிகம். கூடுதலாக நேர்ந்த மரணங்களில் இதய நோயின் பங்குதான் பெரிது. அந்த ஆறு மாதங்களைக் கடந்தவர்களிடம் மரண விகிதம் மெல்ல இறங்கி, மற்றவர்களுடைய அளவுக்கு வந்துவிட்டது. ஆய்வை முன்னின்று நடத்தியவர் காலின் மர்ரே பார்க்ஸ் என்ற மனநல மருத்துவர். கட்டுரைக்கு அவர்கள் வைத்த தலைப்பு, 'உடைந்த இதயம்'.

"அந்தம்மா போன ஆறாம் மாசமே இவரும் போய்ட்டாரு" என்று நம் ஊரில் சொல்லிக் கேட்டிருப்போம். அது வெறும் ஊர்ப்பேச்சு அல்ல என்று பார்க்ஸின் கணக்கு காட்டியது. அதற்குப் பிறகு பல நாடுகளில் நடந்த ஆய்வுகளும் இதையே உறுதி செய்தன. துணையை இழந்த முதல் சில மாதங்கள் உயிரோடிருப்பவருக்கும் ஆபத்தானவை. பெண்களைவிட ஆண்களுக்கு அந்த ஆபத்து அதிகம்.

நாம் வழக்கமாக இதைத் துக்கத்தின் கணக்கில் எழுதிவிடுகிறோம். சாவு வந்தது, துக்கம் வந்தது, துக்கம் தாங்காமல் இவரும் போனார் என்று. ஆனால் புற்றுநோயோ, முற்றிய சிறுநீரகக் கோளாறோ, நரம்பு நோயோ வந்து மாதக்கணக்கில் படுத்திருந்து இறந்தவர்களின் வீட்டில் கதை சாவு நாளன்று தொடங்குவதில்லை. உயிரோடிருப்பவரின் உடலும் மனமும் எப்படித் தேறும் என்பது பெரும்பாலும் அதற்கு முந்தைய மாதங்களில்தான் முடிவாகிறது. அந்த மாதங்களில் நோயாளியின் வலி அடங்கியதா, அவரிடம் உண்மை பேசப்பட்டதா, பார்த்துக்கொண்டவருக்கு ஓர் இரவாவது தூக்கம் கிடைத்ததா என்ற மூன்று கேள்விகளைத்தான் நான் முக்கியமாக நினைக்கிறேன். மூன்றுமே மாற்றக்கூடியவை. அதனால்தான் இதை எழுத வேண்டியிருக்கிறது.

அமெரிக்காவில் நிக்கலஸ் கிறிஸ்டாகிஸ், தியடோர் இவாஷினா என்ற இரு மருத்துவர்கள் 2003-இல் ஒரு கணக்கு எடுத்தார்கள். 1,95,553 முதிய தம்பதியர். கடைசிக் காலத்தில் ஹாஸ்பிஸ் எனப்படும் ஆதரவுப் பராமரிப்பு பெற்று இறந்தவர்கள் ஒரு பக்கம், அது இல்லாமல் இறந்தவர்கள் மறுபக்கம். இவர்கள் கவனித்தது இறந்தவரை அல்ல, எஞ்சிய துணையை. கணவருக்கு ஹாஸ்பிஸ் பராமரிப்பு கிடைக்காத மனைவியரில் 5.4 சதவீதம் பேர் பதினெட்டு மாதங்களுக்குள் இறந்தார்கள், கிடைத்தவர்களில் 4.9 சதவீதம். ஆண்களிடம் 13.7-க்கு 13.2. வித்தியாசம் சிறியதுதான். ஆனால் அது ஒரு மருந்தால் வந்த வித்தியாசம் அல்ல. நோயாளிக்கு வலி தணித்ததும், வீட்டுக்கு ஒரு நர்ஸ் வந்துபோனதும், கணவனை இழந்த பெண்ணின் ஆயுளைத் தொட்டிருக்கக்கூடும். நோயாளிக்குக் கொடுக்கும் வேறு எந்தச் சிகிச்சையைப் பற்றி இப்படிச் சொல்ல முடியும்?

இன்னொரு கணக்கையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ரிச்சர்ட் ஷுல்ஸ், ஸ்காட் பீச் என்ற ஆய்வாளர்கள் 1999-இல் வெளியிட்டது. 66 முதல் 96 வயது வரையிலான தம்பதியரில், நோயுற்ற துணையைப் பார்த்துக்கொண்டு அதனால் நெருக்கடிக்கும் ஆளானவர்களின் மரண அபாயம், அப்படிப் பார்த்துக்கொள்ளும் நிலை இல்லாதவர்களைவிட நான்கு ஆண்டுகளில் 63 சதவீதம் அதிகமாக இருந்தது. பார்த்துக்கொண்டும் நெருக்கடியை உணராதவர்களிடம் அப்படிக் குறிப்பிடத்தக்க உயர்வு தென்படவில்லை. ஆக, ஆளை உருக்குவது பராமரிப்பு அல்ல. துணைக்கு ஆளில்லாமல், தூக்கமில்லாமல், என்ன செய்வதென்று தெரியாமல் பராமரிப்பதுதான் உருக்குகிறது.

நம் வீடுகளில் அது எப்படி நடக்கிறது? பெரிய ஆஸ்பத்திரியில் "இனிமே செய்யறதுக்கு ஒண்ணுமில்ல, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க" என்று சொல்லி அனுப்புகிறார்கள். உண்மையில் செய்வதற்கு நிறைய இருக்கும் காலம் அப்போதுதான் தொடங்குகிறது. செய்யப்போகிறவர் டாக்டர் அல்ல, மனைவி; அல்லது கணவர். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஆளைப் புரட்டிப் படுக்கவைக்காவிட்டால் முதுகில் புண் வரும் என்பதை யாரும் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள். மூத்திரக் குழாயின் பையை இடுப்புக்கு மேலே தூக்கக் கூடாது, மூக்குக் குழாயில் கஞ்சி ஊற்றும்போது தலையை உயர்த்திவைக்க வேண்டும், மலச்சிக்கல் வலியைவிட மோசமாக ஆளைப் படுத்தும் என்பதையெல்லாம் அவர் அடிபட்டுத்தான் கற்றுக்கொள்கிறார்.

வாய்ப் புற்றுநோய் நம் நாட்டு ஆண்களிடம் மிக அதிகம். அது முற்றிக் கன்னத்தைத் துளைத்துக்கொண்டு புண்ணாக வெளியே வரும்போது, அந்த வீட்டில் முதலில் நுழைவது வாடை. ஊதுபத்தி ஏற்றுவார்கள், டெட்டால் தெளிப்பார்கள், ஜன்னலைத் திறந்துவைப்பார்கள். பேரப்பிள்ளைகள் அந்த அறைக்கு வருவதில்லை. உறவினர்கள் வாசலோடு விசாரித்துவிட்டுப் போகிறார்கள். நோயாளிக்கு எல்லாம் தெரிகிறது. துண்டால் முகத்தை மூடிக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்கிறார். மனைவி ஒருத்திதான் உள்ளே போகிறாள். இரவு அவளும் கூடத்தில் பாய் விரித்துப் படுக்கும்படி ஆகிவிடுகிறது, அந்தக் குற்ற உணர்ச்சியை அவள் அடுத்த இருபது ஆண்டுகளுக்குச் சுமக்கிறாள். இதற்குத் தீர்வு இருக்கிறது. வயிற்றுப்போக்குக்குத் தரும் மெட்ரோனிடசோல் மாத்திரையைப் பொடித்து, கழுவிய புண்மேல் தூவினால் வாடை பெருமளவு அடங்கும். வாடையைக் கிளப்பும் கிருமிகளை அது கொல்கிறது. சில ரூபாய் மாத்திரை. வீடு வீடாகப் போகும் நோய் ஆதரவுச் செவிலியர்கள் இதை வழக்கமாகச் செய்கிறார்கள். டாக்டரிடம் கேட்டுச் செய்துகொள்ளக்கூடிய இந்தச் சிறிய காரியம் தெரியாததால், எத்தனை தம்பதியர் கடைசி மாதங்களைத் தனித்தனி அறைகளில் கழித்திருப்பார்கள் என்று நினைத்தால் மனம் ஆறுவதில்லை.

வலிக்கு வருவோம். புற்றுநோயின் கடும் வலிக்கு உலகம் முழுவதும் முதன்மையான மருந்து மார்ஃபின். காலை ஆறு, பத்து, பகல் இரண்டு, மாலை ஆறு, இரவு பத்து என்று நான்கு மணி நேரத்துக்கு ஒரு மாத்திரை. இரவு நடுவில் எழுப்ப வேண்டாம் என்பதற்காகக் கடைசி வேளையில் மட்டும் இரட்டிப்பு அளவு. கூடவே மலமிளக்கி கட்டாயம். கேரளத்தில் படிப்பறிவு குறைந்த மூதாட்டிகள்கூட இந்த அட்டவணையைப் பிசகாமல் பின்பற்றுகிறார்கள். வலி வரும்வரை காத்திருந்து கொடுப்பதல்ல, வருவதற்கு முன்பே கொடுப்பதுதான் இதன் சூட்சுமம். லண்டனில் 1967-இல் செயின்ட் கிறிஸ்டோபர் ஹாஸ்பிஸைத் தொடங்கிய சிசிலி சாண்டர்ஸ் உலகுக்குக் கற்றுத்தந்த பாடம் இது. அவர் முதலில் நர்ஸ், பிறகு மருத்துவமனைச் சமூகப் பணியாளர், அதன் பிறகு மருத்துவம் படித்தவர். இரவு முழுவதும் நோயாளியின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவருக்குத்தான் மருந்தின் நேரம் புரிந்தது என்பதில் எனக்கு ஆச்சரியமில்லை. முதலில் சொன்ன பார்க்ஸ் இதே ஹாஸ்பிஸில் பணியாற்றியவர். இறந்தவர்களின் குடும்பத்தாருக்கான ஆறுதல் சேவையை அங்கே உருவாக்கியவர்.

இந்தியாவின் நிலை வேறு. மருத்துவத் தேவைக்கான அபினியைச் சட்டப்படி பயிரிடும் நாடுகளில் இந்தியாவும் ஒன்று. மத்தியப் பிரதேசத்திலும் ராஜஸ்தானிலும் உத்தரப் பிரதேசத்திலும் விளைந்த அபினி ஏற்றுமதியானது. ஆனால் 1985-இல் வந்த போதைப்பொருள் தடுப்புச் சட்டம் மார்ஃபினுக்கு ஏகப்பட்ட உரிமங்களைக் கேட்டது; தவறினால் சிறை. மருந்துக்கடைகள் வைத்திருக்கவே பயந்தன, மருத்துவக் கல்லூரிகள் கற்பிப்பதை விட்டன. 1997-க்குள் நாட்டின் மார்ஃபின் பயன்பாடு, 1985-இல் இருந்ததில் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே போய்விட்டது. மருத்துவர் எம். ஆர். ராஜகோபாலும் அவருடைய தோழர்களும் பல ஆண்டுகள் போராடி, 2014-இல் அந்தச் சட்டம் திருத்தப்பட்டது. 2015-இல் மார்ஃபின் உள்ளிட்ட ஆறு மருந்துகள் அத்தியாவசியப் போதை மருந்துகளாக அறிவிக்கப்பட்டன. பல உரிமங்களுக்குப் பதில் ஒரே அனுமதி போதும் என்றானது. சட்டம் திருந்தியும் பயம் திருந்தவில்லை. "மார்ஃபின் குடுத்தா அடிமையாயிடுவாங்க", "மார்ஃபின்னா கடைசி ஊசி" என்று படித்தவர்களே சொல்கிறார்கள். வலிக்கேற்ற அளவில் மருத்துவர் பார்த்துத் தரும் மார்ஃபின் சாவை விரைவுபடுத்துவதில்லை. மார்ஃபின் கிடைப்பதில் உலக அளவில் உள்ள ஏற்றத்தாழ்வை லான்செட் மருத்துவ இதழின் குழு 2017-இல் கணக்கிட்டது. ஆண்டுதோறும் விநியோகமாகும் 298.5 டன் மார்ஃபின் வகை மருந்துகளில் மிக ஏழை நாடுகளுக்குப் போய்ச் சேர்வது 0.1 டன்.

வலியில் கத்தும் கணவனைப் பார்த்துக்கொண்டிருந்த பெண்ணுக்கு, அவர் இறந்த பிறகும் அந்தக் குரல் நிற்பதில்லை. மாத்திரை இருந்தும் எழுதித் தரப்படாததால் வந்த வலி என்று பின்னாளில் தெரியவரும்போது அது துக்கமாக இருப்பதில்லை, ஆற்றாமையாக மாறிவிடுகிறது.

இரண்டாவது கேள்வி உண்மையைப் பற்றியது. நம் ஊரில் ரிப்போர்ட் முதலில் போவது நோயாளியிடம் அல்ல, மகனிடமோ கணவரிடமோ. "அவகிட்ட எதுவும் சொல்லிடாதீங்க டாக்டர், தாங்க மாட்டா." இதைச் சொல்பவர் அன்பினால்தான் சொல்கிறார். அதற்குப் பிறகு நடப்பது வேறு. கீமோவைச் 'சத்து ஊசி' என்கிறார்கள். முடி கொட்டுகிறது, வார்டில் பக்கத்துப் படுக்கைக்காரர்கள் பேசுகிறார்கள், அவளுக்குப் புரிந்துவிடுகிறது. புரிந்தது கணவருக்குத் தெரிந்தால் அவர் உடைந்துபோவார் என்று அவளும் ஒன்றும் கேட்பதில்லை. முப்பது ஆண்டுகள் எல்லாவற்றையும் பேசிய இருவர், மிச்சமிருக்கும் சில மாதங்களில் எதிரெதிரே உட்கார்ந்து பொய் பேசுகிறார்கள். நகையை யாருக்குக் கொடுப்பது, சின்னவளின் கல்யாணத்தை முன்னால் வைக்கலாமா, ஊரில் ஒருமுறை குலதெய்வத்தைப் பார்த்துவிட்டு வரலாமா என்று அவள் கேட்க நினைத்தவை எல்லாம் கேட்கப்படாமலே போகின்றன.

முற்றிய புற்றுநோயாளிகள் 332 பேரையும் அவர்களைப் பார்த்துக்கொண்டவர்களையும் தொடர்ந்த அமெரிக்க ஆய்வு 2008-இல் வெளியானது. தன் முடிவைப் பற்றி மருத்துவரோடு பேசியிருந்தவர்கள் 37 சதவீதம் பேர் மட்டுமே. அப்படிப் பேசியதால் அவர்களுக்கு மனச்சோர்வு கூடவில்லை. வென்டிலேட்டர், நெஞ்சழுத்தம், ஐசியூ என்று கடைசி வாரம் போனவர்கள் பேசாதவர்களிடம்தான் அதிகம். அப்படிப்பட்ட சாவைப் பார்த்த துணைவர்களிடமும் பிள்ளைகளிடமும் ஆறு மாதங்களுக்குப் பிறகு கடும் மனச்சோர்வு அதிகமாகக் காணப்பட்டது. நமக்கும் அமெரிக்கருக்கும் வழக்கம் வேறு என்பது சரிதான். எல்லாவற்றையும் ஒரே நாளில் போட்டு உடைக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. "உங்க உடம்பப் பத்தி உங்களுக்கு என்ன தெரியணும்னு நினைக்கிறீங்க?" என்று நோயாளியிடமே ஒரு கேள்வி கேட்டால் போதும். பலர் கேட்கிறார்கள், சிலர் "எங்க வீட்டுக்காரர்கிட்டயே சொல்லிடுங்க" என்கிறார்கள். இரண்டுமே அவர்களுடைய முடிவு.

பேசாத வீட்டில் முடிவு ஐசியூ வாசலில் எடுக்கப்படுகிறது. செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கும் மனைவியிடம் ஒரு தாளை நீட்டி, "டியூப் போடணும், கையெழுத்துப் போடுங்க" என்கிறார்கள். போட்டால் கட்டணம் ஏறும், ஆள் பேச முடியாமல் போவார். போடாவிட்டால் "நீயே கொன்னுட்டே" என்று நாத்தனார் சொல்வாள். ஒரு மனிதரை இதைவிடத் தனியாக நிறுத்த முடியாது. உச்ச நீதிமன்றம் 2018 மார்ச் 9 அன்று, கௌரவமாக இறப்பதும் வாழ்வுரிமையின் பகுதியே என்று தீர்ப்பளித்து, சுயநினைவோடு இருக்கும்போதே ஒருவர் தன் விருப்பத்தை எழுதிவைக்கலாம் என்றது. நடைமுறை சிக்கலாக இருந்ததால் 2023 ஜனவரியில் அதை எளிதாக்கியது. இரண்டு சாட்சிகள், ஒரு நோட்டரி அல்லது கெசட்டட் அதிகாரி போதும். தன் சார்பில் முடிவெடுக்க வேண்டியவர் யார் யார் என்று பெயரும் குறிப்பிடலாம். அந்த ஒரு தாள் நோயாளியைவிட, வாசலில் நிற்பவருக்குத்தான் அதிகம் உதவும்.

கடைசி நாட்களில் சாப்பாடு நின்றுபோவது இன்னொரு பெரிய வேதனை. "ஏங்க, ரெண்டு வாய் வாங்கிக்கோங்க" என்று கெஞ்சிக்கொண்டே இருப்பார்கள். ஒரு வீட்டில் அன்பு என்பது சோறு போடுவதாகவே இருந்திருக்கிறது. அது மறுக்கப்படும்போது தாங்குவதில்லை. உடல் அடங்கும் கட்டத்தில் பசி இருப்பதில்லை, வலிந்து ஊட்டினால் நுரையீரலுக்குள் போய்விடும், டிரிப்ஸ் ஏற்றினால் நெஞ்சில் நீர் கோக்கக்கூடும். ஈரப் பஞ்சால் உதட்டை நனைத்துக்கொண்டிருப்பது அப்போது முழுமையான பராமரிப்புதான். தொண்டையில் வரும் கரகரப்பு கேட்பவரைத்தான் வதைக்கிறது. ஆளை ஒருக்களித்துப் படுக்கவைத்தால் குறையும். இதை முன்கூட்டியே சொல்லிவைத்தால், பட்டினி போட்டுச் சாகவிட்டோமோ என்ற எண்ணம் பின்னால் வந்து அரிக்காது.

மூன்றாவது கேள்வி பார்த்துக்கொள்பவரைப் பற்றியது. அந்தச் சுமை ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றாக விழுவதில்லை. மூளைக் கட்டி, புற்றுநோய், நரம்பு நோய் வந்த 515 பேரை அமெரிக்காவில் கவனித்த 2009-ஆம் ஆண்டு ஆய்வில், நோயாளி பெண்ணாக இருந்தால் 20.8 சதவீதம் திருமணங்கள் பிரிவில் முடிந்தன. ஆணாக இருந்தால் 2.9 சதவீதம். நம்மிடம் விவாகரத்து வரை போகாது. "அவங்கம்மா வீட்டுல வச்சுப் பாத்துக்கட்டும்" என்று அனுப்பிவிடுவார்கள். மனைவி நோயாளியின் பக்கத்தில் இருப்பது கடமை, கணவர் இருந்தால் அது தியாகம் என்று ஊர் பேசுகிறது. ஆனால் கடைசிவரை கூடவே இருந்து, மனைவிக்குத் தலை சீவி, மலம் துடைத்து, பார்த்துக்கொண்ட ஆண்களும் எத்தனையோ பேர். அவர்களுக்குத்தான் சாவுக்குப் பிறகு ஆதரவு மிகக் குறைவு. பெண்ணைச் சுற்றி உட்கார்ந்து அழ நாலு பேர் வருவார்கள். ஆணிடம் வந்து அடுத்து ஆக வேண்டியதைக் கேட்டுவிட்டுப் போவார்கள். தமிழ் மரபு ஆணின் இந்த நிலையை அறியாததல்ல. கணவனை இழந்த பெண்ணின் தாபத நிலையைச் சொல்லும் தொல்காப்பியம், மனைவியை இழந்தவனின் தபுதார நிலையையும் பக்கத்திலேயே வைக்கிறது. மனைவியைச் சிதையில் இட்ட பிறகும் தான் உயிரோடிருக்கிறோமே என்று நொந்துகொள்ளும் சேரமான் கோட்டம்பலத்துத் துஞ்சிய மாக்கோதையின் பாட்டு புறநானூற்றின் 245-ஆம் பாடலாக நிற்கிறது. ஓர் அரசன் அழுததைப் பதிந்துவைத்த மொழியில், மனைவி இல்லாத வீட்டில் அறுபத்தைந்து வயதுக்காரர் எப்படிச் சாப்பிடுகிறார் என்று கேட்க இன்று ஆளில்லை.

பெண்ணின் கதை வேறு விதத்தில் கொடியது. இரண்டு ஆண்டு தூங்காமல் பார்த்தவளைப் பத்தாம் நாளோ பதினாறாம் நாளோ உட்காரவைத்து, பூவையும் பொட்டையும் எடுக்கும் சடங்கு இன்னும் பல வீடுகளில் நடக்கிறது. துக்கத்தின்மேல் அவமானத்தை ஏற்றும் இந்த வழக்கத்தை எந்தக் காரணம் சொல்லியும் காப்பாற்றக் கூடாது.

இன்னொன்றைச் சொல்ல வேண்டும், ஏனெனில் வாய்விட்டுச் சொல்ல யாரும் துணிவதில்லை. நீண்ட நோய்க்குப் பிறகு துணை இறக்கும்போது துக்கத்தோடு ஒரு விடுதலையும் வரும். 'அப்பாடா' என்று ஒரு கணம் தோன்றிவிடும். அது பாவமல்ல. ஷுல்ஸ் குழுவினர் 2001-இல் 129 பேரிடம் பார்த்தது இதுதான். கடும் நெருக்கடியோடு பராமரித்தவர்களின் மனச்சோர்வு துணை இறந்த பிறகு கூடவில்லை. தங்கள் உடல்நலத்தைக் கவனித்துக்கொள்வது மேம்பட்டது. பராமரிக்கும் நிலையில் இல்லாதவர்களிடம்தான் சோர்வு கூடியது, எடை குறைந்தது. துக்கத்துக்கு ஐந்து படிகள் உண்டு என்று பலரும் மேற்கோள் காட்டும் எலிசபெத் குப்ளர்-ராஸின் 1969-ஆம் ஆண்டுப் புத்தகம் எழுதப்பட்டது சாகப்போகிறவர்களைப் பற்றி. எஞ்சியவர்களைப் பற்றி அல்ல. துக்கம் படி ஏறிப் போவதில்லை. ஆய்வாளர்கள் மார்கரெட் ஸ்ட்ரோபும் ஹெங்க் ஷூட்டும் 1999-இல் சொன்னது நடப்புக்கு நெருக்கமாக இருக்கிறது: ஒருநாள் இழப்பில் கிடப்பதும், மறுநாள் வங்கிக்கும் தாலுகா அலுவலகத்துக்கும் வாரிசுச் சான்றுக்காக அலைவதும், மீண்டும் விழுவதுமாகத்தான் மனிதர் தேறுகிறார். பெரும்பாலோர் தேறிவிடுகிறார்கள். ஆறு மாதம், ஓராண்டு ஆகியும் அன்றாட வேலையே ஓடாத அளவுக்கு உறைந்துபோனவர்களுக்கு மருத்துவ உதவி தேவை. நீடித்த துக்கக் கோளாறு என்று உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலே அதை ஏற்றுக்கொண்டிருக்கிறது.

'பாலியேட்டிவ் கேர்' எனப்படும் நோய் ஆதரவு சிகிச்சைக்காகக் கோழிக்கோட்டில் 1993-இல் ஒரு சிறிய சங்கமாகத் தொடங்கிய முயற்சி, அக்கம்பக்கத்துத் தொண்டர்களின் வலையாகப் பரவி, 2008-இல் கேரள அரசின் கொள்கையாயிற்று. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் நோய் ஆதரவு சிகிச்சையும் ஓர் அங்கம். படுக்கையில் இருப்பவரின் வீட்டுக்கே செவிலியர் வருகிறார். சர்க்கரை மாத்திரைக்காக இத்திட்டத்தை அறிந்தவர்களில் பலருக்கு இது தெரியாது. கடைசி வாரத்தில் கூப்பிடும் சேவையும் அல்ல இது. முற்றிய நுரையீரல் புற்றுநோயாளிகள் 151 பேரிடம் பாஸ்டனில் நடந்து 2010-இல் வெளியான ஆய்வில், கண்டுபிடித்தவுடனேயே ஆதரவு சிகிச்சையும் சேர்த்துப் பெற்றவர்கள் இடைநிலைக் கணக்கில் 11.6 மாதங்களும், வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்கள் 8.9 மாதங்களும் உயிரோடிருந்தார்கள்.

உங்கள் வீட்டில் இப்படி ஒரு நோய் வந்திருந்தால், ரிப்போர்ட் கைக்கு வந்த வாரமே "பாலியேட்டிவ் கேர் எங்க கிடைக்கும், மார்ஃபின் எழுதித் தருவீங்களா" என்று மருத்துவரிடம் கேளுங்கள். அடுத்த வீட்டில் வந்திருந்தால், நலம் விசாரித்து ஆர்லிக்ஸ் பாட்டில் வைத்துவிட்டு வராதீர்கள். இரண்டு மணி நேரம் நோயாளியின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, பார்த்துக்கொள்பவரைத் தூங்கச் சொல்லுங்கள். செவிலியர் வீட்டுக்கு வர, அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைச் சொல்லிவைக்க வேண்டும். கட்டணம் எதுவும் கிடையாது.